வேணியின் டேப் அறை

03.02.2025, திங்கள்

அரியலூரில் ஏழு பத்து பஸ். ஜன்னலோரம் கிடைத்தது. கிடைத்து என்ன, குன்னம் வரைக்கும் சுண்ணாம்புக்கல் லாரிகளுக்குப் பின்னாலேயே உருண்டோம். பெரம்பலூரில் இறங்கும்போது என் கறுப்பு பேன்ட் சாம்பல் நிறமாகியிருந்தது.

மருத்துவமனையில் வேலைக்குச் சேர்ந்து இன்றோடு ஒரு மாதம். அறைக்கு வெளியே பலகை மாட்டிவிட்டார்கள்: முத்தமிழ்செல்வன், எம்.சி.ஏ., கணினித் துறைத் தலைவர். எனக்குக் கீழே மூன்று பேர். இரண்டு பேரைத்தான் இதுவரை பார்த்திருந்தேன். மூன்றாவது ஆள் இரண்டாம் மாடிக் கோடியில் இருக்கிறார் என்றார்கள். இன்று போனேன்.

வேணி. நாற்பத்தைந்து வயதிருக்கும். ஆண்டிமடத்துக்காரர். கதவைப் பாதி திறந்து வணக்கம் சொன்னவர், "சார், ஷூவ வெளிய விட்டுடுங்க. பேன்ட்டயும் கொஞ்சம் தட்டிக்கிட்டு வாங்க" என்றார்.

துறைத் தலைவரை! சரி என்று தட்டினேன். "இங்க இல்லைங்க. அந்தப் படிக்கட்டுப் பக்கமாப் போயி."

உள்ளே இரண்டு இரும்பு பீரோ, ஒரு மேசை, டேப் ஓட்டும் டிரைவ். பீரோ நிறைய உள்ளங்கை அளவு டேப் பெட்டிகள். எடுத்த ஸ்கேன், ரத்தப் பரிசோதனை, நோயாளி விவரம் எல்லாவற்றையும் தினமும் ஒரு டேப்பில் ஏற்றுகிறார். மாதம் முடிந்ததும் அந்த மாதத்துக்குத் தனி டேப். தினசரி டேப்களை அழித்து அழித்துத் திரும்ப எழுதுவார். மாத டேப்பைத் தொடுவதில்லை. ஒவ்வொரு டேப்பும் எத்தனை முறை ஓடியது என்று நீள நோட்டில் கோடு போட்டு வைத்திருக்கிறார்.

2025-இல் டேப்! என் முகத்தில் சிரிப்பு தெரிந்திருக்குமோ?

06.02.2025, வியாழன்

மறுபடி டேப் அறை. வேணி டிரைவின் மூடியைக் கழற்றி உள்ளிருந்த உருளையை வெள்ளைத் துணியால் ஒற்றி எடுத்தார். துணியில் கரும்பழுப்புக் கறை.

"அழுக்கு" என்றேன்.

"அழுக்கு பாதி. மீதி டேப்புங்க. தேஞ்சு வர்றது."

டேப் என்பது மெல்லிய பிளாஸ்டிக் நாடா. அதன்மேல் காந்தத் துகளைப் பூச்சாகப் பூசியிருக்கும். எழுதும்போதும் படிக்கும்போதும் அந்தப் பூச்சு டிரைவிலிருக்கும் ஹெட்டை, அதாவது எழுதிப் படிக்கும் முனையை, உரசிக்கொண்டே ஓடும். இது எனக்கும் தெரியும், கல்லூரியில் படித்தேன். படித்ததோடு சரி. இந்த அம்மாள் துணியில் பார்த்திருக்கிறார்.

2012-இல் துப்புரவு வேலைக்கு வந்தவராம். ப்ளஸ் டூ, சயின்ஸ் குரூப். டேப் மாற்ற ஆளில்லாத ஒரு நாள் மாற்றிக் கொடுத்திருக்கிறார். அப்படியே அறை இவர் கைக்கு வந்துவிட்டது. 2016-இல் இரண்டு டேப் படிக்க முடியாமல் போனதாம். "ஒரே டேப்ப அறுந்து போறவரைக்கும் ஓட்டுனா வேற என்ன ஆவும்? அன்னையிலேருந்துதான் சார் நோட்டு போடுறேன்."

25.02.2025, செவ்வாய்

நிர்வாக அதிகாரி அரங்கநாதன் சாரிடம் என் குறிப்பைக் கொடுத்தேன். டேப் முறையை நிறுத்துவது. பதிலாக நெட்வொர்க்கில் இணைந்த டிஸ்க் அடுக்கு. தானாகவே நகலெடுக்கும், ஆள் வேண்டாம். பழைய டேப்களைக் கழித்துவிடலாம். வேணியைக் கீழே பதிவேட்டுப் பிரிவுக்கு மாற்றலாம்.

"இதத்தான் நான் ரெண்டு வருஷமா எதிர்பார்த்தேன்" என்றார் அவர். கையெழுத்தாகிவிட்டது.

வேணியிடம் நானே சொன்னேன். அழுவாரோ என்று பயமாக இருந்தது. அழவில்லை. டிரைவின் மூடியைத் துணியால் துடைத்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "அந்த டிஸ்க்கு எப்பவும் ஒயர்ல மாட்டியேதான் இருக்குமா சார்?"

"அதுதானே அதோட வசதி" என்றேன்.

"சரிங்க."

03.03.2025, திங்கள்

டிஸ்க் ஓடத் தொடங்கிவிட்டது. அருமை. கடைசி மாத டேப் பிப்ரவரியோடு நின்றது.

12.03.2025, புதன்

இன்று ஒரு தகராறு. பழைய டேப்களை எடுத்துப் போக ஜெயங்கொண்டத்திலிருந்து கழிவு எடுக்கும் ஆள் வேனோடு வந்தார். சீட்டில் என் கையெழுத்து இருக்கிறது. வேணி பதிவேட்டுப் பிரிவிலிருந்து மாடியேறிப் போய்க் கதவை மறித்து நின்றுவிட்டார்.

"இதுக்குள்ள நோயாளிங்க விவரம் இருக்கு. அழிச்சோம்னு ஒரு எழுத்து குடுத்தீங்கன்னா எடுத்துட்டுப் போங்க. எப்படி அழிப்பீங்கன்னும் எழுதுங்க."

அந்த ஆளிடம் அப்படி எழுத்து எதுவுமில்லை. என்னைக் கூப்பிட்டார்கள். மாடிப்படியில் நாலு பேர் வேடிக்கை. "நான் கையெழுத்துப் போட்டாச்சு, வழிய விடுங்க" என்றேன். குரல் உயர்ந்துவிட்டது.

"நீங்க போட்டது எடுக்குறதுக்கு சார். அழிக்கிறதுக்குப் போடலியே" என்றார். குரலை உயர்த்தாமல்.

வேன் காலியாகத் திரும்பிப் போயிற்று. என்ன திமிர்!

13.03.2025, வியாழன்

விதிமுறைகளை எடுத்துப் படித்தேன். அவர் சொன்னதுதான் சரி. இன்னும் அவரிடம் சொல்லவில்லை.

07.04.2025, திங்கள்

நடந்ததை வரிசையாக எழுதிப் பார்க்கிறேன்.

காலை எட்டரைக்குள் எல்லாத் திரையிலும் ஒரே ஆங்கில வாசகம். உங்கள் ஃபைல்கள் பூட்டப்பட்டன, திறக்க வேண்டுமென்றால் தொடர்புகொள்ளுங்கள் என்று. யாரோ ஒரு போலி மெயிலைத் திறந்து, பணம் பறிக்கும் திருடனை உள்ளே விட்டிருக்கிறார்கள். சர்வர் போச்சு. ஓடிப்போய் டிஸ்க் அடுக்கைப் பார்த்தேன். அதுவும். ஒயரோடு ஒயராக அதுக்குள்ளயும் பூந்துட்டான். எல்லா நகலும் பூட்டு.

எப்பவும் ஒயர்ல மாட்டியேதான் இருக்குமா சார்? அன்னைக்கே கேட்டாங்க. எனக்கு ஏன் உறைக்கல?

சைபர் கிரைம் போலீசுக்குப் புகார் கொடுத்தாயிற்று. வெளியே வரிசை. டயாலிசிஸுக்கு வந்தவர்களின் பழைய மருந்தளவு தெரியவில்லை. நர்ஸ்கள் நினைவிலிருந்தும் துண்டுச் சீட்டிலிருந்தும் எழுதினார்கள். அரங்கநாதன் சார் என்னைப் பார்த்த பார்வை... வேண்டாம்.

வீட்டுக்குப் போன் செய்து இன்று வர மாட்டேன் என்றேன். என் மனைவி ஜானகி வேறொன்றும் கேட்காமல், "சாப்பிட்டீங்களா?" என்றாள்.

08.04.2025, செவ்வாய்

காலை ஏழு மணிக்கு என் அறை வாசலில் வேணி. பதிவேட்டுப் பிரிவின் சீருடைச் சேலையில், கையில் அந்த நீள நோட்டு.

"சார், டேப்பு இருக்குதுங்க. நூத்தி மூணு மாச டேப்பு. 2016 ஆகஸ்ட்லேருந்து பிப்ரவரி வரைக்கும்."

அவ்வளவுதான். நான் அப்பவே சொன்னேனே என்று ஒரு வார்த்தை? இல்லை. முகத்தில்கூட இல்லை. அவர் இடத்தில் நான் இருந்திருந்தால் சொல்லியிருப்பேன். நாலு பேர் கேட்கும்படி சொல்லியிருப்பேன்.

படிக்கட்டில் பேன்ட்டைத் தட்டிவிட்டு உள்ளே போனேன். யாரும் சொல்லவில்லை.

நெட்வொர்க்கில் சேராத புதுக் கணினி ஒன்றை வைத்து, பிப்ரவரி டேப்பைப் போட்டோம். டிரைவ் இழுத்துக்கொண்டது. மெல்லிய சீரான இரைச்சல். ஒரு மணி நேரத்தில் ஃபைல்கள் ஒவ்வொன்றாக வர ஆரம்பித்தன. பெயர்கள், தேதிகள், எலும்பு, நுரையீரல், இதயம். எழுந்து போய் ஜன்னல் பக்கம் நின்றுகொண்டேன், அழுதுவிடுவேனோ என்று.

மார்ச்சும் ஏப்ரல் முதல் வாரமும் டேப்பில் இல்லை. அது என் காலம். ஸ்கேன் இயந்திரங்களின் சொந்த நினைவகத்தில் ஓரளவு தேறும்.

09.04.2025, புதன்

மூளை நரம்பு டாக்டர் குருநாதன் இன்று மாடிக்கே வந்துவிட்டார். பஞ்சநாதன் என்று ஒரு நோயாளி. உடையார்பாளையம் பக்கம் விவசாயம், ஐம்பத்தெட்டு வயது. மூளைக்கு அடியில், கண் நரம்பை ஒட்டி ஒரு சின்னக் கட்டி. 2021 அக்டோபரில் இங்கேதான் முதல் ஸ்கேன். இப்போது தலைவலி என்று வந்திருக்கிறார்.

"வளர்ந்திருக்கா, அப்படியே இருக்கான்னு தெரியணும். அப்படியே இருந்தா கத்தி வைக்க மாட்டேன். வச்சா பார்வை போக வாய்ப்பிருக்கு. வளர்ந்திருந்தா, வைக்காட்டி பார்வை கண்டிப்பாப் போகும். பழைய படம் இல்லாம நான் என்னன்னு சொல்றது?"

அவர் வீட்டில் இருந்த பழைய ஸ்கேன் படத்தாள்கள் மழையில் ஓடு ஒழுகி ஒன்றோடொன்று ஒட்டிப்போயினவாம்.

வேணி நோட்டைப் புரட்டினார். 2021 அக்டோபர் பக்கத்தில் சிவப்பு மையில் ஒரு சுழி. "இதுவா வரணும்?" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். கொரோனா வருடம், புது டேப் வரவில்லை. தினசரி ஓட்டித் தேய்ந்து, விலக்கி வைத்திருந்த ஒன்றை எடுத்துத்தான் அந்த மாதத்தை எழுத வேண்டியதாகியிருக்கிறது.

போட்டோம். பத்து நிமிடம் சீராக ஓடியது. பிறகு சத்தம் மாறியது: சர்ர்... நின்று... பின்னால் சர்ர்... திரும்ப முன்னால். திரையில் 'மீண்டும் முயல்கிறது' என்று வந்தது. முயலட்டும் என்றுதான் நானும் இருந்தேன். வேணி பாய்ந்து நிறுத்தும் பொத்தானை அமுக்கிவிட்டார்.

"என்ன பண்றீங்க!"

"அது படிக்கல சார், தேய்க்குது. புரியலன்னா அந்த ஒரே எடத்துல முன்னயும் பின்னயும் ஓட்டும். ஒவ்வொரு வாட்டியும் பூச்சு கொஞ்சம் போயிரும். பத்து வாட்டி விட்டா அந்த எடத்துல படிக்க ஒண்ணுமே இருக்காதுங்க."

நான் ஓடவிட்டிருப்பேன். சத்தியமாக ஓடவிட்டுவிட்டு டீ குடிக்கப் போயிருப்பேன்.

10.04.2025, வியாழன்

இன்று அந்த டேப்பைத் தொடக்கூடாது என்று வேணி சொல்லிவிட்டார். ஓடிச் சூடேறியிருக்கிறது, ஒரு நாள் முழுக்க அறையின் குளிரில் அது ஆற வேண்டும். அதற்குள் செய்ய வேண்டியதை அவர் செய்தார், நான் பார்த்தேன்.

பீரோவின் அடித்தட்டிலிருந்து பிளாஸ்டிக் உறை போட்ட பழைய டிரைவ் ஒன்றை எடுத்தார். 2022-இல் மாற்றியதாம். "இந்த ஹெட்டுதான் அந்த டேப்ப எழுதிச்சு. ஒவ்வொரு ஹெட்டும் ஒவ்வொரு மாதிரி தேஞ்சிருக்கும். எழுதினதே படிக்கட்டும். அதுக்குத்தான் அதோட தடம் தெரியும்."

பழைய டிரைவ் ஓடுமா? ஓடியது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட்டு உறை போட்டு வைப்பாராம். ஹெட்டைச் சுத்தம் செய்யும் டேப்பை ஒரே ஒரு முறை போட்டார். இன்னொரு முறை போடலாமே என்றேன். "அதுவும் சொரசொரப்புதான் சார். ஹெட்டைத் தேய்ச்சிரும்."

பஞ்சநாதனின் மனைவி வீராயி கீழே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். நான் கணினி ஆள் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். எழுந்து நின்றுவிட்டார்.

"ஏங்க, அந்தப் படம் ஆப்டுருமாங்க?"

"பார்த்துக்கிட்டிருக்கோம்மா. நாளைக்குத் தெரியும்."

"அவரு கேக்குறாரு, எனக்குக் கண்ணு போயிட்டா நெலத்துல என்னா பயிரு நிக்குதுன்னு நீ சொல்லுவியான்னு. முப்பத்திரெண்டு வருசமா நான் சொல்லி என்னைக்குங்க அவரு கேட்டாரு?" என்று சிரித்தார். சிரித்துக்கொண்டே முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டார்.

என்னால் அங்கே நிற்க முடியவில்லை. டேப்பை மார்ச்சிலேயே வேனில் ஏற்றியிருந்தால்?

11.04.2025, வெள்ளி

காலை பத்து மணிக்குத் தொடங்கினோம். அறையில் மூவர்: வேணி, நான், டாக்டர் குருநாதன். டாக்டரும் படிக்கட்டில் போய்க் காற்சட்டையைத் தட்டிவிட்டு வந்தார்.

முதலில் எதையும் படிக்காமல் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை ஒரு முறை ஓட்டிச் சுற்றினார். மூன்றரை வருடம் படுத்திருந்த நாடா சுற்றில் தளர்ந்திருக்கும். ஒரே இறுக்கமாக வரவேண்டும் என்றார். பிறகு நோட்டு. எந்த நாள், எத்தனையாவது ஃபைல் என்பதுவரை எழுதி வைத்திருக்கிறார். அக்டோபர் 14, முப்பத்தேழு. மற்றதைத் தொடாமல் நேராக அந்த இடத்துக்குப் போகச் சொன்னார். "படிக்க முடியலன்னா திரும்ப முயலாம, தாண்டிப் போற மாதிரி வைக்க முடியுமா சார்?" அது என் வேலை. அதை மட்டும் நான் செய்தேன். இந்த வாரம் முழுவதிலும் உருப்படியாக நான் செய்தது அதுதான்.

ஓடியது. வேணி திரையைப் பார்க்கவே இல்லை. தலையைச் சாய்த்து டிரைவின் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருந்தார். ஒரு இடத்தில் சத்தம் லேசாக இடறியது. கண்ணை மூடிக்கொண்டார். தாண்டிப் போயிற்று.

நூற்று எழுபத்தாறு படங்களில் ஒன்று வரவில்லை. நூற்று எழுபத்தைந்து வந்தன. கட்டி இருக்கும் படங்கள் அத்தனையும்.

டாக்டர் அங்கேயே பக்கத்தில் புது ஸ்கேனை வைத்துப் பார்த்தார். அளந்தார். திரும்ப அளந்தார்.

"வளர்ந்திருக்கு. நரம்புப் பக்கமாத்தான். நான் அப்படியே இருக்கும்னு நினைச்சேன். திருப்பி அனுப்பியிருப்பேன்."

திருச்சிக்குப் போன் செய்துகொண்டே இறங்கிப் போனார். திங்களன்றே அங்கே அறுவைச் சிகிச்சைக்கு ஏற்பாடு.

வேணி டேப்பை வெளியே எடுத்து, இனி எழுத முடியாதபடி அதன் ஓரத்திலிருக்கும் சின்னத் தாழ்ப்பாளைத் தள்ளி, உறையில் போட்டார். நோட்டில் ஒரு கோடு. "இன்னொரு நகல் எடுத்துடலாமா?" என்று கேட்டேன். "வேண்டாம் சார். வந்தத நாலு எடத்துல வைங்க. இத இனி ஓட்ட வேண்டாம்."

பிறகு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "நல்ல சேதி கொண்டாருவோம்னு நெனச்சேன். வளந்திருக்குன்னு போயி சொல்லப் போறாங்க. அந்தம்மா பெஞ்சுலயே உக்காந்திருக்கு" என்றார்.

ஒரு தம்ளர் தண்ணீர் எடுத்துக் கொடுத்தேன்.

14.04.2025, திங்கள்

சித்திரை முதல் நாள். விடுமுறை. ஆனாலும் போனேன், வேணியும் வந்திருந்தார். ஒன்பது டேப் முடித்தோம். மாலை டாக்டர் போனில்: அறுவை நல்லபடியாக முடிந்தது, பார்வை பற்றி இன்னும் சொல்ல முடியாது.

17.04.2025, வியாழன்

நூற்று மூன்றில் நூற்றொன்று வந்துவிட்டது. போனது ஒன்று 2016, ஒன்று 2017. இதைப் பெரிய ஊரில் ஒரு பெரிய நிறுவனம் செய்திருந்தால் கூட்டம் போட்டுப் பேசியிருப்பார்கள்.

இன்று கேட்டேவிட்டேன். தினசரி டேப்பை அறுபது முறையோடு நிறுத்திவிடுகிறீர்களே, டேப் பெட்டியின் மேல் அதைவிட எவ்வளவோ அதிகம் போட்டிருக்கிறதே, அறுபது எங்கிருந்து வந்தது?

வேணி கொஞ்சம் கூச்சத்தோடு நோட்டின் பின்பக்கத்தைத் திருப்பினார். கிராஃப் தாள் ஒட்டியிருந்தது. கழித்த டேப் ஒன்றை எடுத்துத் தினமும் எழுதிப் படித்து, டிரைவ் எத்தனை பிழையைத் திருத்தியது என்று அது காட்டும் எண்ணைக் குறித்திருக்கிறார். பதினான்கு மாதம். கீழே ஓட்டங்களின் எண்ணிக்கை, பக்கவாட்டில் பிழை. கோடு ரொம்ப நாள் தரையோடு தரையாகப் போய், ஓரிடத்தில் சட்டென்று எழும்புகிறது. மழைக்காலத்துக்கு ஒரு கோடு, கோடைக்கு ஒரு கோடு. கோடைக் கோடு சீக்கிரமே எழும்புகிறது.

"மாசி பங்குனியில அரியலூர்ப் பக்கத்துலேருந்து காத்து வந்தா ஜன்னல்ல வெள்ளையாப் படியும். அந்தத் தூசி ஒரு பொட்டு உள்ள போனா ஹெட்டுக்கும் டேப்புக்கும் நடுவுல மாட்டிக்கிட்டு அறுக்கும். கம்பெனிக்காரங்க சுத்தமான எடத்துல வச்சு எண்ணியிருப்பாங்க. நம்ம ஊருக்கு நாமதான எண்ணணும்?"

ஸ்கேன் இயந்திரம் வந்த பெட்டியிலிருந்த பஞ்சுப் பட்டையை வெட்டிக் கதவிடுக்கில் ஒட்டியதும் இதைப் பார்த்த பிறகுதானாம். ஒட்டியபின் ஒரு கோடு போட்டிருக்கிறார். அது தாழ்ந்திருக்கிறது.

ஆறு வருடம் கணினி படித்தவன் நான். இப்படி ஒரு கோடு என் வாழ்நாளில் நானாக வரைந்ததில்லை. "இத ஏன் யாருகிட்டயும் காட்டல?" என்று கேட்டேன்.

"யாரும் கேக்கலியே சார்."

நானும்தான். இரண்டு மாதம் எதிரே நின்று பேசியிருக்கிறேன்.

22.04.2025, செவ்வாய்

நிர்வாகக் கூட்டம். டாக்டர்கள், அறங்காவலர்கள், எல்லாரும். அரங்கநாதன் சார் அறிக்கை படித்தார்: "கணினித் துறைத் தலைவரின் முன்யோசனையாலும் அயராத உழைப்பாலும் ஒன்பது ஆண்டுத் தரவுகள் மீட்கப்பட்டன." கை தட்டினார்கள். நான் எழுந்து கும்பிட்டேன்.

கும்பிட்டேன்! வாயைத் திறக்கவில்லை. டாக்டர் குருநாதன் கூட்டத்துக்கு வரவில்லை. வந்திருந்தால் திறந்திருப்பேனோ என்னவோ. வேணியைக் கூட்டத்துக்கு அழைக்கவே இல்லை.

வீட்டில் ஜானகியிடம் சொன்னேன், ஏதோ பெருமை மாதிரிதான் ஆரம்பித்தேன். அவள் இட்லி மாவைக் கரைத்துக்கொண்டே கேட்டாள். "அந்தக்கா பேர நீங்க சொல்லலியா?"

"சந்தர்ப்பம் வரல."

"கும்புடுறதுக்கு மட்டும் வந்துச்சா?"

23.04.2025, புதன்

காலையில் பஸ்ஸிலேயே எழுதினேன். ஒரு பக்கம். டேப்பை நிறுத்தச் சொன்னது நான். கழிக்கக் கையெழுத்திட்டது நான். தடுத்தது வேணி. நகல் முழுவதையும் எப்போதும் ஒயரில் மாட்டி வைக்கலாமா என்று முன்பே கேட்டதும் அவர்; பொருட்படுத்தாதது நான். மீட்டது அவருடைய முறை, அவருடைய கணக்கு. கிராஃபின் நகலையும் இணைத்தேன்.

வேலை போகும் என்று தோன்றியது. குன்னம் தாண்டியதும் கிழித்துவிடலாமா என்றும் தோன்றியது. பதினொரு மணிக்குக் கொடுத்துவிட்டேன்.

24.04.2025, வியாழன்

அரங்கநாதன் சார் கதவைச் சாத்திவிட்டு ஆரம்பித்தார். "இத எழுதிக் குடுக்கச் சொல்லி யாரு கேட்டா? அறிக்கை போயாச்சு. என்னை என்ன பொய்யன்னு சொல்றீங்களா?"

"உங்களுக்கு நான் சரியாச் சொல்லல சார். அதான் இப்ப சொல்றேன்."

எனக்கு எச்சரிக்கைக் கடிதம் வருமாம். வரட்டும். வெளியே வரும்போது நேற்றைவிட மூச்சு லேசாக இருந்தது.

பிற்பகல் டாக்டர் குருநாதன் வராந்தாவில் நிறுத்தி, "அந்தக் கிராஃப எனக்கு ஒரு காப்பி குடுங்க. அறங்காவலர்கள்ட்ட நான் பேசுறேன்" என்றார். என் கடிதம் அதற்குள் அவர்வரை போயிருக்கிறது.

19.05.2025, திங்கள்

பஞ்சநாதன் வந்தார். தலையில் தையல் தழும்பு, மேலே துண்டு. வலது கண்ணில் ஓரப் பார்வை கொஞ்சம் குறைவு, மற்றபடி தெளிவு. டாக்டரைப் பார்த்துவிட்டு மாடியேறி வந்தார்கள். வீராயி கையில் ஒரு பை முந்திரிப்பழம், வராந்தா முழுக்க வாசம்.

"படத்தைத் தேடிக் குடுத்தவுங்க யாருங்க?"

வேணியைக் காட்டினேன். அவர் வெட்கப்பட்டு நோட்டுக்குள் குனிந்துகொண்டார். பஞ்சநாதன் கொஞ்ச நேரம் அவரைப் பார்த்துக்கொண்டே நின்றார். "நல்லாத் தெரியுதுங்கம்மா" என்றார்.

பழம் அறைக்குள் வரக்கூடாது, பிசுபிசுப்பு என்று வேணி சொல்லிவிட்டார். வராந்தாவில் நின்று சாப்பிட்டோம்.

05.06.2025, வியாழன்

உத்தரவு வந்தது. ஆர். வேணி, தரவுக் காப்புப் பொறுப்பாளர். டேப் முறை தொடரும், டிஸ்க்கும் இருக்கும். என் எச்சரிக்கைக் கடிதமும் இதே தபாலில்.

12.07.2025, சனி

புது டிரைவ் விற்க சென்னையிலிருந்து ஒருவர் வந்தார். ராஜேஷ் என்று பெயர். நல்ல பேச்சு, பளபளவென்று காகிதங்கள். வராந்தாவில் என்னைப் பார்த்ததும் என்னிடமே விரித்தார். வேகம், கொள்ளளவு, உத்தரவாதம்.

"மேடம்கிட்ட சொல்லுங்க. முடிவு அவங்களுது" என்றேன்.

அவர் சற்றுத் தடுமாறி வேணி பக்கம் திரும்பினார். வேணி காகிதங்களை மேலோட்டமாகப் பார்த்துவிட்டு ஒதுக்கி வைத்தார்.

"இதெல்லாம் சரிங்க. ஹெட்டு மேல என்ன பூச்சு? எத்தன ஓட்டத்துக்கு அப்புறம் அளந்து பாத்தீங்க? எந்த ஊருல வச்சு?"

ராஜேஷ் என்னைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன். போனை எடுத்துக்கொண்டு படிக்கட்டுப் பக்கம் போனவர், ஆபீசில் யாரையோ கேட்டுக்கொண்டே இருந்தார்.

கீழ்த்தளத்தில் எனக்கு வேலை இருந்தது. வேணியிடம் சொல்லிக்கொண்டு இறங்கினேன்.